மணல் முற்றத்தில வல்லாரை நிக்குமோ? திருகோணமலை ஆக்கள் சொல்லுங்கோ

மணல்முற்றம் | ஓகஸ்ட் 9, இரவு 9.40

வணக்கம். டொக்யாட் றோட்டுப் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்து ஒண்டரை வருசம். முற்றம் முழுக்கக் கடல்மணல், கிணத்துத் தண்ணி கொஞ்சம் உவர். அம்மா வீடு தம்பலகாமம். அங்க வாய்க்கால் ஓரத்தில வல்லாரை ஆரும் கேக்காமலே படர்ந்து கிடக்கும். அதை வேரோட கொண்டுவந்து மூண்டு தரம் வச்சிட்டன். ரெண்டு தரம் கச்சானில கருகினது, ஒருதரம் மாரியில அழுகினது. (கச்சான் எண்டது காத்து. வெளியூர் ஆக்கள் கடலையை நினைக்காதேங்கோ.)

கற்பூரவள்ளி மட்டும் உயிரோட நிக்குது. ஆனா இலையெல்லாம் சின்னனாத் தடிச்சு மஞ்சளாக் கிடக்கு.

மகனுக்கு நாலு வயசு. வாடை தொடங்கினால் அவனுக்கு இருமலும் தொடங்கும். மாமிக்குப் பதினொரு வருசமாச் சீனி வருத்தம். போன மாசம் ஆரோ ஒரு குறிஞ்சாக் கொடி குடுத்தவை. இப்ப ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் ஒரு பிடி இலையைப் பச்சையாச் சப்புறா. நானும் ஒரு இலை சப்பிப்போட்டு ஒரு கரண்டி சீனி வாயில போட்டுப் பாத்தன். மணல்தான், இனிப்பே இல்லை. பயந்தே போனன்.

இந்த மண்ணில என்ன நிக்கும், எப்பிடி நிக்கும், அடுப்படியில அதை என்ன செய்யலாம், ஆராவது சொல்லுங்கோ.

---

சாம்பல்தீவான் | ஓகஸ்ட் 9, இரவு 10.25

தங்கச்சி, வல்லாரையை மணலில வைக்கிறது மீனைக் கூரையில வளர்க்கிற மாதிரி. அதுக்கு வேர் காயவே கூடாது.

மீன் கடையில ஐஸ் போட்டு வாற றெஜிபோம் (வெள்ளைத் தெர்மகோல்) பெட்டி இருக்கெல்லோ, வாய் உடைஞ்சதை எறிவாங்கள். ஒண்டு கேட்டு வாங்குங்கோ. சாம்பல் போட்டு உரஞ்சிக் கழுவி ரெண்டு நாள் வெயிலில போட்டால் மணம் போகும். ஓட்டையை அடியில போடாதேங்கோ. அடியில இருந்து ரெண்டு விரல் உயரத்தில, பக்கவாட்டில நாலு ஓட்டை. அப்ப அடியில கொஞ்சத் தண்ணி எப்பவும் நிக்கும், மாரியில மிச்சம் வழிஞ்சு போகும். உங்கட ரெண்டு பிரச்சினைக்கும் அந்த ஓட்டைதான் பதில்.

மண்ணுக்கு அம்மா வீட்டுக் குளத்து வண்டல் ரெண்டு பங்கு, நல்லா மக்கின மாட்டெரு ஒரு பங்கு, தேங்காய்த் தும்புத்தூள் ஒரு பங்கு. தும்புத்தூளை நல்ல தண்ணியில ரெண்டு மூண்டு தரம் அலசிப் பிழிஞ்சு போட வேணும், அதிலயும் உப்பு இருக்கும். உவர்த் தண்ணி ஊத்தினால் வல்லாரை இலையின்ர ஓரம் முதல்ல மண்ணிறமாக் கருகும், பிறகு உள்ளுக்கு வரும். நீங்கள் கச்சான் எண்டு நினைச்சதில பாதி உப்பாத்தான் இருந்திருக்கும். கூரைத் தண்ணியை ஒரு பரலில பிடிச்சு வச்சு அதை ஊத்துங்கோ.

வைக்கிறது ஐப்பசி மழையோட. இப்ப வச்சால் நாலாம் தரமும் அழுவீங்கள்.

கற்பூரவள்ளிக்கு வெயில் கூடிப்போச்சு. முருங்கைக்குக் கீழ, இல்லாட்டி கிடுகு மறைப்புக்குள்ள வையுங்கோ. நாலு அங்குலத் தடி முறிச்சு, கீழ் இலையைக் கழட்டி, ஊண்டினால் ஒரு கிழமையில பிடிச்சிடும். அதுக்குத் தண்ணி கூடினால்தான் சாவு. வாடைக்காலத்தில கடல் உப்புத் தூவானமா வந்து படியும், இடைக்கிட நல்ல தண்ணியால இலையைக் கழுவி விடுங்கோ.

---

கிண்ணியா ராத்தா | ஓகஸ்ட் 10, காலை 6.15

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட ஊட்டுப் பின்பக்கம் ரம்பையும் சேரையும் (லெமன்கிராஸ்) இரிக்கு, இருபது வருசமா ஆரும் அதுக்குப் பசளை போட்டதில்ல. அரிசி களைஞ்ச தண்ணி, மீன் கழுவின தண்ணி, அவ்வளவுதான். சேரை மணலிலயும் நிக்கும். ஒரு தூர் உடைச்சு நட்டா ஆறு மாசத்துல ஒரு கட்டு. ஓரத்துல கையக் கிழிக்கும், புள்ள ஓடித் திரியிற பக்கம் வைக்காதீங்க.

மாட்டிறைச்சிக் கறிக்கு ரம்பையும் சேரையும் இல்லாட்டி எங்கட வாப்பா கோப்பைய நகட்டி வச்சிடுவாரு. நோன்புக் கஞ்சிக்கும் ரெண்டு துண்டு ரம்பை. சேரைய அம்மிக்குழவியால ஒரு குத்துக் குத்திப் போட்டுட்டு கடைசில எடுத்திடணும், இல்லாட்டி நார் பல்லுல மாட்டும்.

மகன்ட இருமலுக்கு உம்மா செய்யிற மல்லித்தண்ணி: ரெண்டு மேசைக்கரண்டி மல்லிய வெறுஞ்சட்டில மணம் வர மட்டும் வறுக்கணும், கறுக்கக் கூடாது. ஒரு அங்குலம் வேர்க்கொம்பு தட்டிப் போட்டு நாலு கப் தண்ணிய ரெண்டு கப்பாக்கணும். சின்னப் புள்ளைக்கு அதுல கால் கப், இளஞ்சூட்டுல. பெரியாக்கள் மிளகு நாலஞ்சு சேர்த்துக்கலாம். சளியக் கரைக்குதோ இல்லையோ, தொண்டைக்கு இதமா இரிக்கும், புள்ள தூங்கும்.

---

பாலையூற்றுப் பைக் | ஓகஸ்ட் 10, காலை 11.02

சீனிக்குக் குறிஞ்சாவைவிட நித்தியகல்யாணிப் பூ நல்லம். அஞ்சு பூ அவிச்சு வெறும் வயித்தில குடிச்சால் சரி. வட்ஸப்பில வந்தது.

---

ரொறன்ரோ குளிர் | ஓகஸ்ட் 10, மதியம் 1.30

பிள்ளை, வாசிக்க ஆசையாக் கிடக்கு. நான் 1987இல் உவர்மலையை விட்டு வந்தனான். இங்க ஜன்னலோரத்தில ஒரு கற்பூரவள்ளிச் சட்டி, அது நாலு மாசம் நித்திரை.

எங்கட அம்மம்மா உயிரோட இருக்கும் மட்டும் பாமசிப் பக்கம் போனதில்லை. காய்ச்சலுக்கு வேப்பிலை, டெங்குக்குப் பப்பாசி இலைச்சாறு, நெஞ்சுச் சளிக்குக் கற்பூரம் போட்டுச் சூடாக்கின தேங்காயெண்ணெய், பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்ட துளசிச் சாறு. எல்லாத்துக்கும் முற்றத்தில மருந்து இருந்தது. இப்ப எல்லாத்துக்கும் குளிசை.

---

இரவுக்கடமை | ஓகஸ்ட் 11, காலை 8.50

டியூட்டி முடிஞ்சு வந்து தேத்தண்ணியோட இருந்து எழுதுறன். நான் தாதி. ஊர் மருந்துக்கு எதிரி இல்லை. எனக்கு ரெண்டு பிள்ளைகளும் பிறந்தபோது அம்மா அரைச்சு வச்ச பத்தியக்கறியைத்தான் நாப்பது நாள் சாப்பிட்டன். மிளகும் உள்ளியும் வேர்க்கொம்பும் மணக்க மணக்கப் பால்சுறா.

ஆனா ஐயா சொன்ன நாலில மூண்டு பிழை. அதைச் சொல்லாமல் படுக்க மனம் வரேல்ல.

தேன்: ஒரு வயசுக்கு முன்னம் ஒரு துளியும் வேண்டாம். தேனுக்குள்ள பொட்டுலிசம் கிருமியின்ர வித்து இருக்கலாம். பெரியாக்களின்ர குடல் அதைச் சமாளிக்கும், கைக்குழந்தையின்ர குடல் சமாளிக்காது. தசையெல்லாம் தளர்ந்து மூச்சு வரைக்கும் போகும்.

கற்பூரம்: இதில பெயர்க் குழப்பம் வேற. கற்பூரவள்ளி இலைக்கும் சாமிக்குக் கொளுத்துற கற்பூரத்துக்கும் ஒரு சொந்தமும் இல்லை. கற்பூரம் தோலாலயும் மூக்காலயும் உள்ள போகும், சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரும். ரெண்டு வயசுக்குக் கீழ கிட்டவும் கொண்டுபோக வேண்டாம், நாலு வயசுக்கும் எனக்கு விருப்பமில்லை. விழுங்கினால் ஒரு சின்னக் கட்டியே ஆபத்து.

பப்பாசி இலை: 2017 மார்ச்சில கிண்ணியாவில டெங்கு பரவினதை ராத்தா மறந்திருக்க மாட்டா. அந்த வருசம் நாடு முழுக்க 186,000க்கு மேற்பட்ட நோயாளர். டெங்கில ஆளைக் கொல்லுறது பிளேட்லட் குறையிறது மட்டும் இல்லை, இரத்தக் குழாயில இருந்து நீர் கசியிறதுதான். அதை இலைச்சாறு நிப்பாட்டாது. கசிவு தொடங்கிறது காய்ச்சல் விடுற நேரம். வீட்டாக்கள் "விட்டிட்டுது, சாறு வேலை செய்திட்டுது" எண்டு சந்தோசப்படுற நேரமும் அதுதான். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரினும் இபுபுரூபனும் இரத்தக்கசிவைக் கூட்டும், தொடவே வேண்டாம். மூண்டாம் நாள் இரத்தப் பரிசோதனை. அதோட இலைச்சாறும் குடிக்கிறன் எண்டால் சண்டைக்கு வரமாட்டன், சத்தி எடுக்காட்டிச் சரி.

நித்தியகல்யாணி எழுதின தம்பி, அந்தச் செடியில இருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் எண்ட புற்றுநோய் மருந்துகள் எடுக்கிறது. அளந்து, பாத்துப் பாத்து ஊசியில ஏத்திற சாமான். அதைப் பூ எண்ணி அவிக்கிறதோ?

மணல்முற்றம், மாமி என்ன குளிசை போடுறா? பெயர் பாத்துச் சொல்லுங்கோ. மெட்போமின் மட்டும் எண்டால் சீனி மிச்சம் கீழ இறங்கிறது குறைவு. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் மாதிரி ஏதும் எண்டால் குறிஞ்சாவும் சேர்ந்து இழுத்துப்போடும். கட்டாயம் சொல்லுங்கோ.

---

ரொறன்ரோ குளிர் | ஓகஸ்ட் 11, மாலை 6.12

ஏச்சு வாங்கினது சரி, பிள்ளை. அம்மம்மாவுக்கு ஒன்பது பிள்ளை பிறந்து ஆறுதான் மிஞ்சினது எண்டதை எழுதேக்க நான் மறந்துபோனன்.

---

கோணேசபுரி மாணவன் | ஓகஸ்ட் 12, இரவு 8.05

நான் வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன், இன்னும் மாணவன்தான், அதனால் வைத்தியம் சொல்ல வரவில்லை. எங்களுக்கு முதலில் படிப்பிப்பது செடியை அடையாளம் காண்பது. முற்றத்தில் வைக்கிறவர்கள் பாதிப் பிழை விடுவதும் அதில்தான்.

முடக்கொத்தான் என்று வேலியில் படர்கிற எதையும் பிடுங்காதீர்கள். காயைப் பாருங்கள், மூன்று பக்கம் உப்பிய பலூன் போல இருக்கும். உடைத்தால் கறுப்பு விதை, விதையில் வெள்ளையாக இதயம் கீறியது போல ஒரு புள்ளி. அது இருந்தால் சந்தேகமில்லை. ஒரு கைப்பிடி இலையை உள்ளி, மிளகு, சீரகத்தோடு இடித்து ரசத்தில் கடைசியாகப் போட்டு இறக்குங்கள். அதிகம் கொதித்தால் கசக்கும்.

முசுமுசுக்கையை விதைக்கவே தேவையில்லை. மாரி மழை விழ வேலியோரத்தில் தானாக வரும். இலையைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், காய் சிறிய உருண்டை, பழுத்தால் சிவப்பு. ஊறிய அரிசியோடு அரைத்துத் தோசை சுட்டால் குழந்தைகள் மறுக்க மாட்டார்கள்.

தூதுவளை உங்கள் மணலுக்கு ஏற்றது. பழத்தை நசுக்கி விதையை உலர்த்திப் போடுங்கள். கோடையில் இலை கொட்டி முள்ளும் தண்டுமாக நிற்கும், செத்துவிட்டது என்று வெட்டாதீர்கள், மழைக்குத் துளிர்க்கும். இலையின் நடுநரம்பிலும் முள் உண்டு. கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு நெய்யில் வதக்குங்கள்.

ஆடாதோடை வேலிக்கு நல்லது, ஆடும் தின்னாது. இருமல் மருந்தாக வருகிற புரோம்ஹெக்சின் என்ற குளிசை, ஆடாதோடையில் உள்ள வசிசின் என்ற பொருளை அடியொற்றிச் செய்தது. ஆனால் அதே வசிசின் கருப்பையைச் சுருக்கும். கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் யாரும் "நல்ல இருமல் கஷாயம்" என்று ஊற்றிக் கொடுத்துவிடக் கூடாது. நாலு வயதுப் பிள்ளைக்கும் வீட்டில் அளவு பார்த்துக் கொடுக்கிற மருந்தில்லை அது.

எங்கள் ஆசிரியர் ஒருவர் சட்டியைக் காட்டித்தான் விளக்குவார். வறை, சம்பல், ரசம் என்று சட்டிக்குள் போகிற அளவு சாப்பாடு. பிழிந்து சாறாக்கி, வற்றக் காய்ச்சி, நாள்தோறும் எடுத்தால் அது மருந்து, அப்போது கேட்டுச் செய்ய வேண்டும். குறிஞ்சாவைப் பச்சையாகத் தினம் ஒரு பிடி என்பது சட்டியைத் தாண்டிவிட்டது.

---

சாம்பல்தீவான் | ஓகஸ்ட் 12, இரவு 9.30

தம்பி சொன்ன அடையாளம் சரி. வாய்க்கால் வல்லாரையைப் பற்றியும் ஒண்டு சொல்ல வேணும். நடுறதுக்கு அங்க இருந்து கொண்டு வரலாம், ஆனா பிடுங்கின கையோட தின்னாதேங்கோ. மாடு இறங்கிற, ஊர்த் தண்ணி ஓடுற இடம். பெட்டியில வளர்ந்த புது இலையைத்தான் பச்சையாச் சாப்பிட வேணும், அதையும் நாலு தண்ணியில அலசி.

---

மணல்முற்றம் | ஓகஸ்ட் 27, இரவு 10.10

இரவுக்கடமை அக்கா, நீங்கள் கேட்டதுக்கு உடன பதில் எழுதாமல் விட்டன். மகனுக்குக் காய்ச்சல், அதுக்குள்ள மறந்து போச்சு. (வெறும் தடிமன்தான். மூண்டாம் நாள் இரத்தம் பாத்தனாங்கள்.)

வெள்ளிக்கிழமை மாமிக்கு விரதம். காலமைக் குளிசையைப் போட்டுட்டு வெறுந்தேத்தண்ணி மட்டும் குடிச்சிருக்கிறா. பன்னிரண்டு மணிபோல வழமையான குறிஞ்சா. கொஞ்ச நேரத்தால கிணத்தடியில குந்தி இருக்கிறா, சட்டை ஊறி ஒட்டிக் கிடக்கு, கை நடுங்குது. "என்ன மாமி" எண்டால் செத்துப்போன தங்கச்சியின்ர பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுறா.

ஓடிப்போய்த் தேத்தண்ணி ஊத்தி மூண்டு கரண்டி சீனி போட்டுக் குடுத்தன். ஒரு வாய் குடிச்சுட்டுத் தட்டி விடுறா. "சீனி போடாத தேத்தண்ணியை ஏன் தாறாய்?" எனக்குக் கை பதறிப்போச்சு. உப்பைத்தான் போட்டுட்டனோ எண்டு நானே நக்கிப் பாத்தன், தேன் மாதிரி இனிக்குது. அப்பத்தான் விளங்கினது, குறிஞ்சா சப்பின வாய். இனிப்புத் தெரியாது. கெஞ்சிக் கெஞ்சிப் பருக்கினன். பக்கத்து வீட்டு அக்காவின்ர சீனி பாக்கிற மெசினில பாத்தால் 46. கால் மணித்தியாலத்தால 81. ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருநாள் மறிச்சு வச்சவை.

குளிசையின்ர பெயர் கிளிக்லசைட். மெட்போமினும் இருக்கு.

---

இரவுக்கடமை | ஓகஸ்ட் 28, காலை 7.40

நல்லகாலம் தங்கச்சி. இனிப்புத் தெரியாட்டியும் சீனி வயித்துக்குள்ள போய் வேலை செய்யும், நீங்கள் பருக்கினதுதான் சரி. நினைவு இல்லாமல் கிடந்தால் மட்டும் வாயால ஒண்டும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும், நேர ஆஸ்பத்திரி. மறிச்சு வச்சதுக்கும் காரணம் இருக்கு. அந்தக் குளிசை நேரத்தோட விட்டுப் போகாது, ஏத்தின சீனி திரும்ப இறங்கும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகேக்க ஒரு குறிஞ்சா இலையைப் பையில கொண்டு போங்கோ. "இலை சாப்பிடுறன்" எண்டு மாமி தானாச் சொல்ல மாட்டா, ஏச்சு விழும் எண்ட பயம். விரத நாளில குளிசையை என்ன செய்யிறது எண்டும் அங்கயே கேளுங்கோ.

---

மணல்முற்றம் | ஓகஸ்ட் 28, காலை 8.15

கொடியை வெட்டட்டோ எண்டு கேட்டன், மாமி ரெண்டு நாள் கதைக்கேல்ல. இப்ப டொக்டரைக் கேட்டு, எப்பவாவது ஒருநாள் தேங்காய்ப்பூப் போட்ட வறை, சோத்தோட, எண்ட அளவில சமாதானம்.

---

கிண்ணியா ராத்தா | செப்டெம்பர் 3, காலை 6.40

அல்ஹம்துலில்லாஹ், மாமி தப்பினது பெரிசு. மனச மாத்த ஒண்டு கேக்கிறன். வல்லாரைச் சம்பல அரியிறதா, அரைக்கிறதா? நாங்க அரிஞ்சுதான். மயிர் மாதிரி மெல்லிசா. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, கொஞ்சம் மாசிக்கருவாடு, உப்பு, தேசிக்காய்ப்புளி.

---

ரொறன்ரோ குளிர் | செப்டெம்பர் 3, மாலை 5.20

தேசிக்காயோ! உவர்மலையில எங்கட வீட்டில வல்லாரைக்குப் புளி விட்டதே இல்லை. விட்டால் பச்சை மாறி ஊத்தைத் தண்ணி நிறத்தில வரும். அரைக்கிறதுதான் முறை. அம்மியில தேங்காய், செத்தல் மிளகாய், உள்ளி, கடைசியில இலை, ரெண்டே இழுவை.

---

கோணேசபுரி மாணவன் | செப்டெம்பர் 3, இரவு 9.00

நிறம் மாறுவது புளிப்பால்தான். இலையின் பச்சையம் அமிலம் பட்டால் மண்பச்சையாகிவிடும். கோப்பையில் போட்டபிறகு, சாப்பிடுகிற நேரம் பிழிந்தால் மாறுவதற்குள் முடிந்துவிடும். யாரும் தோற்கவில்லை.

---

கிண்ணியா ராத்தா | செப்டெம்பர் 4, காலை 6.05

ஐயா தோத்துட்டாரு. புளி விடலாமெண்டுதானே தம்பி சொல்றாரு.

---

மணல்முற்றம் | நவம்பர் 16, காலை 7.25

பெட்டி வச்சு நாலு கிழமை. ஓட்டை சாம்பல்தீவு அண்ணா சொன்ன உயரத்தில. இந்தப் பேய்மழைக்கும் அழுகேல்ல, தண்டு ஓடி ஓடி பெட்டியே தெரியாமல் மூடினது. கற்பூரவள்ளி முருங்கைக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டிருக்கு. மகனுக்கு அதைத் தணலில வாட்டிப் பிழிஞ்சு குடுக்கப் போனால் ஓடுவான், மாவில தோய்ச்சுப் பொரிச்சால் ஆறு தின்பான். தூதுவளை ஒரு சாண். முசுமுசுக்கை தம்பி சொன்ன மாதிரித் தானா வந்தது.

இண்டைக்கு முதல் சம்பல் போடுவம் எண்டு நேத்தே தேங்காய் வாங்கி வச்சன். விடியக் கதவைத் திறந்தால் பெட்டிக்குள்ள தலையை விட்டபடி ஒரு புள்ளிமான். கோட்டைப் பக்கத்தால வந்திருக்கும், கேற்றை மகன் சாத்தேல்ல. என்னை நிமிர்ந்து பாத்திச்சு, சப்பிறதை நிப்பாட்டேல்ல. தூதுவளையை முள்ளுக்குப் பயந்து விட்டிட்டுது. கற்பூரவள்ளியை மணந்து பாத்திட்டுத் தும்மிச்சு. வல்லாரை சுத்தமா மொட்டை.

---

சாம்பல்தீவான் | நவம்பர் 16, காலை 7.50

வேரைக் கிளறாதேங்கோ. ஓடின தண்டு மண்ணோட கிடந்தால் ரெண்டு கிழமையில திரும்ப வரும். பெட்டியை மேசை உயரத்துக்கு ஏத்தி மேல பழைய மீன்வலை போடுங்கோ. வலை வேணுமெண்டால் என்னட்டக் கிடக்கு.

---

கிண்ணியா ராத்தா | நவம்பர் 16, காலை 8.02

மான் தேசிக்காய் கேக்கலயா?

---

ரொறன்ரோ குளிர் | நவம்பர் 16, காலை 8.10

கேக்கேல்ல. உவர்மலை மானாத்தான் இருக்கும்.